கூற்றிழந்த சிறுமி: ஆங்கிலச் சிறார் மிகுபுனைவில் பெண்பால் வளர்ச்சியும் சூசன் பெவென்சியும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலச் சிறார் மிகுபுனைவில் சிறுமி வளர்ந்து பெண்ணாகும் கட்டம் பல வேளைகளில் ஒரு வெளியேற்றமாகவே சித்திரிக்கப்படுகிறது. சி.எஸ். லூயிசின் நார்னியா வரிசையில் வரும் சூசன் இதற்கு மிகுதியும் எடுத்துக்காட்டப்படும் பாத்திரமாவாள். அவள் எக்குற்றத்திற்காக விலக்கப்பட்டாள் என்பதைச் சுற்றியே விவாதம் பெரும்பாலும் நிகழ்ந்துள்ளது. இக்கட்டுரை அவ்வினாவைச் சற்றே தள்ளிவைத்து, அவளைப் பற்றிப் பேசுவோர் யார், கேட்போர் யார், அவளுக்குப் பேச இடமிருந்ததா என்பவற்றை ஆராய்கிறது. வெண்டி, லைரா, டிஃபனி, டெனார் ஆகிய பாத்திரங்கள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், மிகுபுனைவு, நார்னியா, சூசன், கூற்று, பெண்பால் வளர்ச்சி.

முன்னுரை

நார்னியா வரிசை ஏழு நூல்களைக் கொண்டது. 1950இல் ‘சிங்கம், சூனியக்காரி, அலமாரி’ என்னும் நூலுடன் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்து, 1956இல் ‘இறுதிப் போர்’ என்னும் நூலுடன் அது நிறைவுற்றது. பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் உடன்பிறந்தோர் நால்வர், போர்க்காலத்தில் இலண்டனிலிருந்து நாட்டுப்புற வீடொன்றுக்கு அனுப்பப்படுகின்றனர். அங்குள்ள அலமாரி வழியாக நார்னியா என்னும் வேற்றுலகிற்குள் நுழைந்து, அந்நாட்டின் அரசர்களும் அரசியருமாகப் பல்லாண்டுகள் ஆண்டு, மீண்டும் குழந்தைகளாக இங்கிலாந்துக்குத் திரும்புகின்றனர். இறுதி நூலில் நார்னியா அழிந்து, அதனினும் உண்மையான நார்னியா தோன்றுகிறது. அதற்குள் நுழைவோர் கூட்டத்தில் சூசன் மட்டும் இல்லை.

முதல் நூலை எட்டு வயதில், அது வெளிவந்த ஆண்டிலேயே, கையில் எடுத்த ஒரு சிறுமி இறுதி நூலைப் பதினான்கு வயதில் படித்திருப்பாள். லூசியின் வயதில் தொடங்கிய வாசகி, தொடர் முடிவதற்குள் சூசனின் பருவத்தை எட்டிவிடுகிறாள். தமிழில் உலா நூல்கள் பேதை, பெதும்பை, மங்கை எனப் பெயரிட்டுப் பகுக்கும் பருவங்களின் எல்லைக்கோட்டை அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கடந்துவிடுகிறாள். எனவே சூசன் பற்றிய பகுதி ஒரு பாத்திரத்தின் முடிவைக் கூறுவதோடு நிற்கவில்லை. அதைப் படிக்கும் வாசகியின் நிகழ்காலத்தையும் அது தொட்டுச் செல்கிறது. சூசன் குறித்த விவாதம் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓயாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

அவ்விவாதத்தின் இரு தரப்புகளும் நன்கறியப்பட்டவை. ஃபிலிப் புல்மன் 1998இல் ‘கார்டியன்’ இதழில் எழுதிய கட்டுரையில், சூசன் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்திற்குச் செல்வதை லூயிஸ் ஏற்காமையே அவளது விலக்கத்திற்குக் காரணம் என வாதிட்டார். ஜே.கே. ரோலிங்கும் 2005இல் ‘டைம்’ இதழ் நேர்காணலில் இதையொத்த மனக்குறையை வெளியிட்டார். நீல் கெய்மன் 2004இல் ‘சூசனின் சிக்கல்’ என்னும் தலைப்பில் ஒரு சிறுகதையே எழுதினார். அத்தலைப்பு பின்னர் இவ்விவாதத்திற்குரிய பெயராகவே நிலைபெற்றுவிட்டது. மறுதரப்பினர், சூசனின் பிழை உதட்டுச்சாயம் அன்று, தான் அரசியாக ஆண்ட நாட்டையே குழந்தை விளையாட்டு என அவள் மறுத்ததே என்பர். பனுவலில் இவ்விரண்டிற்கும் சான்று உண்டு. ஆனால் இரு தரப்பினரும் சூசன் என்ன செய்தாள் என்றே வினவுகின்றனர். அவள் அதைச் செய்தாள் என்று கூறுபவர் யார் என்னும் வினா போதிய அழுத்தம் பெறவில்லை.

கூற்று, கேட்போர், களன்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாகக் கூறும் முப்பத்து நான்கனுள் கூற்று, கேட்போர், களன் என்பனவும் அடங்கும். ஒரு செய்தி யாரால், யாரிடம், எவ்விடத்துச் சொல்லப்படுகிறது என்பது பொருளின் புறத்தே நிற்பதன்று, பொருளை ஆக்கும் கூறு என்பதே இப்பகுப்பின் அடிப்படை. அகப்பாடல்களில் இற்செறிப்பு இதற்கு ஏற்ற சான்று. பருவமடைந்த மகளை வெளியே விடாது இல்லத்தில் நிறுத்தும் அச்செயல் கடுமையானதே. எனினும் அதைக் கூறுபவள் பெரும்பாலும் தலைவியின் துயரை அறிந்த தோழி, அல்லது தலைவியே. அடைபட்டவளின் பக்கத்திலிருந்தே அடைப்பு நம்மை வந்தடைகிறது. இந்த அளவுகோல் வேற்றுமொழிச் சிறார் புனைவுக்கு அப்படியே பொருந்தும் என்பது இங்குக் கருத்தன்று. ஆயினும் சூசன் பகுதியைப் படிப்பதற்கு இது கூர்மையான கருவியாக உதவுகிறது.

‘இறுதிப் போர்’ நூலில் அப்பகுதி ஒரு பக்க அளவைக்கூட எட்டுவதில்லை. நார்னியாவின் கடைசி அரசனாகிய திரியன், பழைய அரசர்களையும் அரசியரையும் கண்டு வியந்து, அரசி சூசன் எங்கே எனக் கேட்கிறான். அவள் இனி நார்னியாவின் தோழி அல்லள் எனப் பீட்டர் சுருக்கமாகவும் இறுக்கமாகவும் விடையளிக்கிறான். நார்னியாவைப் பற்றிப் பேச அழைத்தால் அதைச் சிறுவயது விளையாட்டு என்று சூசன் சிரித்து ஒதுக்கிவிடுவதை யூஸ்டஸ் எடுத்துரைக்கிறான். நைலான் காலுறை, உதட்டுச்சாயம், விருந்தழைப்பு ஆகியவற்றைத் தவிர அவளுக்கு வேறு நாட்டமில்லை என்கிறாள் ஜில். பெரியவளாக விரும்பியே பள்ளிப் பருவத்தை வீணாக்கினாள், இனி அந்த வயதிலேயே நின்றுவிட முயன்று எஞ்சிய வாழ்வையும் வீணாக்குவாள் என்று முதியவளான பாலி முடிக்கிறாள். உடனே பீட்டர் பேச்சை மாற்றி, அருகிலுள்ள கனிமரங்களைக் காட்டுகிறான்.

பேசுவோரைக் கணக்கிட்டால் ஓர் உண்மை புலப்படும். யூஸ்டஸ் ஒன்றுவிட்ட சகோதரன். ஜில் அவனது பள்ளித்தோழி. பாலி வேறொரு தலைமுறையைச் சேர்ந்தவள். இம்மூவருள் ஒருவரும் சூசனோடு நார்னியாவில் ஒரு நாளும் கழித்தவர் அல்லர். அவளோடு ஒரே அரண்மனையில் அரசியாக இருந்த லூசியும், அவளால் அன்பு காட்டப்பெற்ற எட்மண்டும் அங்கேயே நிற்கின்றனர். ஒரு சொல்லும் பேசவில்லை. சூசனின் சொற்கள் என்று வாசகர் பெறும் ஒரே தொடரும் யூஸ்டஸ் வாயிலாகக் கொண்டுகூற்றாகவே வருகிறது. கேட்போனாகிய திரியனோ அவளை வரலாறாக மட்டுமே அறிந்தவன், மறுத்துரைக்க இயலாதவன். களனோ மீண்டும் இங்கிலாந்துக்குத் திரும்ப வழியில்லாத மறுவுலகம். பாலைத்திணையில் உடன்போக்குச் செல்லும் இளம்பெண்ணை வழியில் காணும் கண்டோர்கூட அவள் பொருட்டுச் செவிலியிடம் பரிந்து பேசுவர். இங்குக் கண்டோர் பேசுகின்றனர், பரிவு மட்டும் இல்லை.

இதைவிடக் கனத்த மௌனம் ஒன்று உண்டு. அங்குக் கூடியுள்ள அனைவரும் இங்கிலாந்தில் நிகழ்ந்த இருப்புப்பாதை விபத்தில் இறந்தவர்கள் என்பது நூலின் இறுதிப் பக்கத்தில் வெளிப்படுகிறது. பெற்றோரும் அவ்விபத்திலேயே இறந்துள்ளனர். அதாவது சூசன் ஒரே நாளில் தாய், தந்தை, அண்ணன், தம்பி, தங்கை அனைவரையும் இழந்தவள். நூல் இதைக் குறித்து ஒரு வரியும் எழுதவில்லை. கெய்மனின் சிறுகதை இந்த இடைவெளியிலிருந்தே தோன்றுகிறது.

எட்மண்டும் யூஸ்டசும்

சூசனுக்கு நேர்ந்ததன் தன்மை, அதே வரிசையில் தவறிழைத்த சிறுவர்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதோடு ஒப்பிடும்போதுதான் தெளிவாகும். முதல் நூலில் எட்மண்ட் இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தோரைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். அவன் மீட்கப்பட்டபின் சிங்கமாகிய அஸ்லானும் அவனும் தனியே நடந்துகொண்டு பேசுகின்றனர். அவ்வுரையாடலை ஒருவரும் கேட்கவில்லை. கதைசொல்லியும் அதை வாசகருக்குக் கூற மறுத்துவிடுகிறார். பின்னர் அஸ்லான் மற்றவர்களிடம், நடந்து முடிந்ததைப் பற்றி அவனிடம் பேச வேண்டியதில்லை என்கிறது. துரோகியாகிய சிறுவனின் உள்ளத்தைச் சுற்றிக் கதை ஒரு திரையை இடுகிறது. இவ்வரிசையின் மிக உயர்ந்த நாகரிகம் வெளிப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று.

1952இல் வெளிவந்த ‘டான் ட்ரெடர் கடற்பயணம்’ நூலில் யூஸ்டசுக்கு அளிக்கப்படுவது இதற்கு மறுதலையான உரிமை. பேராசையால் டிராகனாக மாறிய அவன், அத்தோல் உரிக்கப்பட்டு மீண்டும் சிறுவனான நிகழ்ச்சியைத் தானே எட்மண்டிடம் விரித்துரைக்கிறான். கதைசொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். வலியும் நாணமும் மகிழ்ச்சியும் அவனது கூற்றிலேயே வெளிப்படுகின்றன. கேட்பவன் தானும் ஒரு காலத்தில் தவறியவன். ஆகவே தீர்ப்புக் கூறாமல், தன் பழைய தவற்றை எடுத்துச் சொல்லி அவனைத் தேற்றுகிறான்.

ஒருவனுக்குக் காக்கப்பட்ட மௌனம், மற்றவனுக்குத் தன்கூற்று. சூசனுக்கு இவ்விரண்டும் கிட்டவில்லை. எட்மண்டின் கடந்தகாலத்தைப் பேசக் கூடாது என்று விலக்கிய அதே உலகில் சூசனின் கடந்தகாலம் பலர் நடுவே பேசப்படுகிறது. அதைப் பேசுவோருள் ஒருவன், தன் கதையைத் தானே சொல்ல வாய்ப்புப் பெற்ற யூஸ்டஸ்.

இதை லூயிசால் வேறுவகையில் எழுத இயலாது என்று கருதுவதற்கும் இடமில்லை. 1951இல் வந்த ‘இளவரசர் காஸ்பியன்’ நூலில் அஸ்லானை லூசி மட்டும் காண்கிறாள். சூசன் அவளை நம்ப மறுக்கிறாள். பின்னர் தன் உள்ளத்தின் ஆழத்தில் உண்மை தெரிந்தே இருந்தது என்று லூசியிடம் தானே ஒப்புக்கொள்கிறாள். அச்சத்திற்குச் செவிகொடுத்தாய் என அஸ்லான் அவளிடம் நேரில் கூறித் தன் மூச்சால் அவளைத் தெளிவிக்கிறது. நம்பிக்கையின்மை, தன்னொப்புதல், மன்னிப்பு என்னும் மூன்றும் சூசனின் முன்னிலையில், சூசனின் குரலோடு நிகழ்கின்றன. இறுதி நூலில் கூறப்படும் பிழை இதனின் நீட்சியே. நம்பியதை நம்பாததுபோல் காட்டுதல் என்னும் அதே குணம் அங்கே மீண்டும் வருகிறது. மாறியது அவளது பிழையன்று, கதை அதனை அணுகும் முறையே.

அந்நூலின் முடிவில்தான் வயது என்னும் கதவும் முதன்முறை மூடுகிறது. பீட்டரும் சூசனும் இனித் திரும்ப இயலாத அளவு வளர்ந்துவிட்டனர். இது ஆண் பெண் வேறுபாடற்ற விதி. அடுத்த நூலில் எட்மண்டும் லூசியும் அவ்வாறே விடைபெறுகின்றனர். ஆகவே வளர்ச்சியே நார்னியாவில் குற்றம் என்னும் பொதுக்கூற்று பொருந்தாது. ஆயினும் செய்தியை மற்றவர்க்கு அறிவிப்பவன் பீட்டர். தாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்கப்படுபவனும் அவனே. முடியும் என்று சொல்பவனும் அவனே. லூசி தன் முறை வரும்போது அழுது, அஸ்லானிடம் வாய்விட்டுப் பேசுகிறாள். அதே பிரிவைச் சூசன் எவ்வாறு ஏற்றாள் என்பது பதிவாகவில்லை. அவளது கூற்று நழுவத் தொடங்குவது இங்கேதான். மூன்றாம் நூலில் அவள் பெற்றோருடன் அமெரிக்கா சென்றிருக்கிறாள். குடும்பத்தின் அழகி, படிப்பில் மந்தம், வயதுக்கு மீறிய முதிர்ச்சி என்று ‘பெரியவர்கள்’ கருதுவதாகக் கதைசொல்லி ஒரு குறிப்பைத் தருகிறார். அதே நூலில் மந்திர ஏட்டைப் புரட்டும் லூசி, தான் பேரழகியாகி அக்கா பொறாமைப்படுவதாகக் கற்பனைக் காட்சி ஒன்றைக் காண்கிறாள். லூசியின் ஏக்கமே அக்காவின் உருவை அங்கே வரைகிறது.

1954இல் வெளிவந்த ‘குதிரையும் அதன் சிறுவனும்’ கதைக்காலத்தால் முந்தையது. நால்வரும் நார்னியாவை ஆண்ட காலத்தில் நிகழ்வது. அங்கே சூசன் வளர்ந்த பெண். பலர் மணம் வேண்டி நிற்கும் அரசி. ரபடாஷ் என்னும் இளவரசனின் புறத்தோற்றத்தில் மயங்கிப் பின் அவன் இயல்பறிந்து வருந்துகிறாள், அதைத் தன் வாயாலேயே சொல்கிறாள். இதற்காக நார்னியா அவளைத் தண்டிக்கவில்லை. ஆனால் போருக்குச் செல்லும் லூசியையும் செல்லாத சூசனையும் ஒப்பிடும் சிறுவன் கோரின், சூசனைச் சாதாரண வளர்ந்த பெண்மணிகளைப் போன்றவள் என வகைப்படுத்துகிறான். அவன் பேச்சில் அது பழியன்று, வெறும் வகைப்பாடே. இரண்டாண்டுகள் கழித்து அவ்வகைப்பாடே பழியாகிறது. வில்வித்தையில் குள்ளன் டிரம்ப்கினை வென்றவள், தன் ஊதுகொம்பின் ஒலியால் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டைக் காக்க உதவியவள் என்பதை இறுதி நூலில் ஒருவரும் நினைவுகூரவில்லை.

லூயிசின் கொள்கையும் லூயிசின் கதையும்

சிறார்க்காக எழுதும் முறைகள் பற்றி 1952இல் லூயிஸ் ஆற்றிய உரை கட்டுரையாகப் பரவலாக அறியப்பட்டது. வளர்ச்சி என்பது முன்னிருந்ததை விட்டுச் செல்வதன்று, அதன்மேல் புதியதைச் சேர்ப்பதே என்பது அதன் முக்கியக் கருத்து. தொடர்வண்டி ஒரு நிலையத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதை அவர் வளர்ச்சியாகக் கொள்ளவில்லை. மரம் ஆண்டுதோறும் வளையங்களைச் சேர்ப்பதையே வளர்ச்சி என்றார். குழந்தைத்தனமாகத் தோன்றிவிடுவோமோ என்ற அச்சமே குழந்தைத்தனத்தின் அடையாளம் என்றும் அவர் கருதினார். தேவதைக் கதை இரசனையை வயதின் பெயரால் இழிவுபடுத்திய திறனாய்வாளர்க்கு அவர் அளித்த விடை அது.

பாலி சூசன் மீது கூறும் தீர்ப்பு இக்கொள்கையின் கதைவடிவமே. சூசன் வளர்ந்துவிட்டாள் என்பது அவள் குறையன்று. அவள் உண்மையில் வளரவே இல்லை என்பதே குறை. இந்த அளவில் லூயிசைக் காப்போர் கூறுவது சரியே, புல்மனின் வாசிப்பு அவசரமானதே. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. வளர்ந்ததுபோல் நடிக்கும் பொய்ம்மைக்கு நூல் தேர்ந்த அடையாளங்கள் மூன்றும் பெண்ணுக்கே உரியவை, அவள் உடலைச் சார்ந்தவை அல்லது அவள் மற்றவரால் விரும்பப்படுவதைச் சார்ந்தவை. தேவதைக் கதைகளைக் கண்டு வெட்கப்படும் இளைஞர்களை லூயிஸ் அறிந்திருந்தார். கட்டுரையில் தம் இளமையையும் அவ்வரிசையில் வைத்துப் பேசினார். கதையில் அந்த இளைஞனுக்கு இடமில்லை. புகைக்குழாயோ கல்லூரி மன்றமோ பீட்டரை நார்னியாவிலிருந்து பிரிப்பதாக எழுதப்படவில்லை. கொள்கையளவில் இருபாலர்க்கும் பொதுவாக வைக்கப்பட்ட குறை, கதையில் ஒரு சிறுமியின் கைப்பையில் சென்று சேர்ந்துவிட்டது.

ஆலிசும் வெண்டியும்

இவ்வழக்கம் லூயிசுடன் தொடங்கியதன்று. 1865இல் வந்த லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் சிறுமி நீள்கிறாள், குறுகுகிறாள், கழுத்து நீண்ட நிலையில் பாம்பு என்று ஒரு புறாவால் பழிக்கவும் படுகிறாள். அனைத்திற்கும் வாயாடியாகவே விடை சொல்கிறாள். ஆனால் அவள் உண்மையில் வளர்ந்து பெண்ணாவதைப் பற்றிய சித்திரம் கதையின் ஈற்றில் அவளுடைய அக்காவின் பகற்கனவாகவே வருகிறது. ஆலிஸ் அதற்குள் தேநீர் அருந்த ஓடிவிட்டாள்.

ஜே.எம். பேரியின் ‘பீட்டரும் வெண்டியும்’ (1911) கூடுதல் கவனத்திற்குரியது. 1904இல் மேடையேறிய நாடகத்தின் நாவல் வடிவம் அது. வளர மறுக்கும் சிறுவனின் கதை என்றே அது நினைவுகூரப்படுகிறது. ஆனால் கதை தொடங்குவதும் முடிவதும் வெண்டியின் வளர்ச்சியில்தான். நெவர்லாந்து சிறுவர்களுக்கு விளையாட்டுக்களம். வெண்டிக்கு அது பயிற்சிக்களம். அவள் அங்குத் தாயாக அழைத்துச் செல்லப்படுகிறாள், துணி தைக்கிறாள், மருந்து ஊட்டுகிறாள், கதை சொல்கிறாள். வளராத நாட்டிலும் வளர்ந்தவளின் வேலையே அவளுக்கு.

இத்தகைய குறைகள் இருந்தும், பேரி லூயிஸ் செய்யாத ஒன்றைச் செய்தார். இறுதி இயலில், மணமாகி மகள் பிறந்தபின், பீட்டர் பழையபடி சன்னல் வழியே வருகிறான். வெண்டி இருளில் தன் வளர்ந்த உடலை இயன்றவரை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். பின்னர் தான் வளர்ந்துவிட்டதை அவனிடம் தானே சொல்கிறாள்; அது தன் கையில் இல்லை என்றும் சொல்கிறாள். குற்றஞ்சாட்டுபவன் எதிரில் இருக்கிறான், விடை சொல்பவளும் எதிரில் இருக்கிறாள். வளர்ந்துவிட்ட மற்றச் சிறுவர்களையோ பேரி சில வரிகளில், அலுவலகத்துக்குப் பையும் குடையும் ஏந்திச் செல்வோர் என்று எள்ளிக் கடந்துவிடுகிறார். வளர்ச்சியின் முழுக்காட்சி பெண்ணுக்கே அளிக்கப்படுகிறது. அவளுக்குப் பின் மகள் ஜேன், அவளுக்குப் பின் மார்கரெட் எனத் தாய்மையின் சுழற்சிக்குள்ளேயே அது அடைபட்டுள்ளது என்பதும் உண்மை. அடைப்பு உண்டு, கூற்றும் உண்டு.

லைரா: மறுமொழியின் எல்லை

லூயிசுக்கு மறுமொழியாகவே படிக்கப்படும் புல்மனின் முந்நூல் 1995, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. அவ்வுலகில் ஒவ்வொருவரின் உயிர்க்கூறும் விலங்கு வடிவில் உடன் வாழ்கிறது. அது டீமன் எனப்படும். குழந்தைகளின் டீமன்கள் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். பருவம் வந்ததும் ஒரே வடிவில் நிலைபெறும். வளர்ச்சியைப் புறத்தே காட்ட இதைவிடச் செறிவான உத்தி சிறார் புனைவில் அரிது. அதைத் தடுக்கக் குழந்தையையும் டீமனையும் வெட்டிப் பிரிக்கும் திருச்சபை நிறுவனத்தை நாவல் கொடுமையின் உச்சமாகக் காட்டுகிறது. லைரா, வில் என்னும் இருவரும் காதலை உணரும் தருணத்தில் உலகங்கள் அழிவிலிருந்து திரும்புகின்றன. சூசனுக்கு வீழ்ச்சியானது லைராவுக்கு மீட்பாகிறது. புல்மன் தம் எதிர்வாதத்தை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்.

ஆயினும் முடிவில் இருவரும் இழப்பவற்றை அருகருகே வைத்து நோக்கும் வாசகர் சற்றுத் தயங்க நேரும். உலகங்களுக்கிடையே வாயில் அறுக்கும் கத்தியை வில் தன் முடிவாலேயே உடைக்கிறான். அது அவனது செயல். உண்மைமானியாகிய அலெதியோமீட்டரைக் கல்லாமலே படிக்கும் லைராவின் ஆற்றலோ, அவள் கேளாமலே, ஒரு நாளில் அவளை விட்டு நீங்கிவிடுகிறது. அது அவளுக்கு நேர்வது. சிறுவனின் வளர்ச்சி துறப்பாகவும் சிறுமியின் வளர்ச்சி இழப்பாகவும் அமைகின்றன. லூயிசை மறுக்க எழுந்த நூலிலும் பழைய இலக்கணத்தின் சாயல் முற்றாக நீங்கவில்லை.

எனினும் வேறுபாடு பெரிது. லைரா அழுகிறாள், ஏன் என்று கேட்கிறாள், அவளுக்கு விடையளிக்கப்படுகிறது. அருளால் பெற்றதை இனி உழைப்பால் திரும்பப் பெறலாம், அதற்கு வாழ்நாள் செல்லும், அவ்வாறு பெறுவது மேலானது என்று தேவதூதர் ஒருவர் அவளிடம் கூறுகிறார். ஆக்ஸ்ஃபோர்டு திரும்பியதும், கல்வி கற்க ஒப்புக்கொண்டு தன் எதிர்காலத்தைத் தானே பேசி முடிக்கிறாள். கதவு மூடியபின் அவளுக்கு ஒரு நூலகம் திறக்கிறது.

கதை யாருடையது என்னும் கேள்வி

டெரி பிராட்செட்டின் டிஃபனி ஏக்கிங் வரிசை (2003–2015) இக்கேள்வியை முதல் நூலிலேயே எழுப்பிவிடுகிறது. ஒன்பது வயது டிஃபனி தன் வீட்டிலுள்ள தேவதைக் கதை நூலைப் படித்துவிட்டு, அதில் வரும் கிழவி தீயவள் என்பதற்குச் சான்று எங்கே எனக் கேட்கிறாள். கேட்பதற்குக் காரணம் உண்டு. அவளது ஊரில், கதையில் வரும் சூனியக்காரிபோல் தோற்றமளித்த ஒரே காரணத்தால் ஒரு மூதாட்டியின் குடில் எரிக்கப்பட்டது. அவள் பனியில் இறந்தாள். தன்னைப் பற்றிப் பிறர் சொல்லும் கதையால் ஒரு பெண் அழியக்கூடும் என்பதை அறிந்தே டிஃபனி சூனியக்காரியாக முடிவெடுக்கிறாள். வேற்றுலகம் அவளுக்கு ஏங்கத்தக்க நாடன்று. வாணலியை ஏந்திச் சென்று தம்பியை மீட்டுவர வேண்டிய இடம். ஆகவே வளர்ச்சி அவளை எங்கிருந்தும் வெளியேற்றுவதில்லை. பாலாடைக்கட்டி செய்தல், ஆட்டுக்கு மருத்துவம், முதியோர்க்குப் பணிவிடை என அவள் சொந்த மண்ணின் வேலைகள் கூடிக்கொண்டே செல்கின்றன. லூயிஸ் கூறிய மர வளையம் கதையாக அமைந்த இடம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. பிராட்செட்டின் நகைச்சுவை இந்நூல்களைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு பொருட்படுத்தாமைக்குக் காரணமாயிற்றோ என ஐயுற இடமுண்டு.

அர்சுலா லெ குவினின் ‘அட்டுவான் கல்லறைகள்’ (1971) நூலின் டெனார், குழந்தையாகவே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, இருட்கோயிலின் பூசாரினியாக வளர்க்கப்படுகிறாள். பெண்பால் வளர்ச்சியே அந்நாவலின் பொருள் என லெ குவின் 1973இல் எழுதினார். டெனார் தன் பெயரை மீட்டு வெளியேறும் இடத்தில் நூல் முடிகிறது. ஆனால் வெளியேறிய பெண்ணை அடுத்த நூலாகிய ‘மிகத் தொலைவான கரை’ (1972) கைவிட்டுவிடுகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் ‘தெஹானு’ வெளிவந்தது. இதில் டெனார் நடுவயதைக் கடந்த கைம்பெண். மந்திரக்கல்வியை விடுத்து உழவனை மணந்து பிள்ளைகளைப் பெற்றவள். தீயில் எரிந்து உருச்சிதைந்த ஒரு சிறுமியை வளர்ப்பவள். ஏன் கல்வியைக் கைவிட்டாள் என்பதை அவளே பேசுகிறாள், அவ்விடை அவளுக்கே முழு நிறைவளிக்கவில்லை. முந்தைய நூல்களைத் தாம் ஆண் வீரனின் மரபுக்குள் நின்று எழுதியதை லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ‘தெஹானு’ சிறார் நூலா என்னும் ஐயம் அது வெளிவந்த நாள்முதல் இருந்துவருகிறது. புல்மனும் இருபது வயது லைராவை எழுதியபோது (2019) அந்நூல் சிறார்க்குரிய எல்லையைக் கடந்தே சென்றது. சிறுமி பெண்ணாகும்போது அவளுடன் நூலும் வேறு அலமாரிக்கு மாறிவிடுகிறது.

லூயிஸ் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் வாசகர்க்கு எழுதிய இரு மடல்கள் சான்று. சூசனுக்கு என்ன ஆயிற்று என்பதை நூல்கள் கூறவில்லை, அவள் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்தக் காலம் உண்டு என 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதினார். 1960இல் மற்றொரு வாசகிக்கு எழுதியது இதனினும் வெளிப்படையானது. சூசன் அந்நாட்டை அடையும் நம்பிக்கை தமக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அவள் பயணத்தின் கதை நீண்டதாக, வளர்ந்தோர்க்குரிய நாவலை ஒத்ததாக ஆகிவிடும், அதைத் தாம் எழுத விரும்பவில்லை என்றார். பின்னர், அதை நீங்களே எழுதிப் பார்க்கலாமே என அவ்வாசகியிடமே கேட்டார்.